சரீரக் காவல் - 9: சுடும் பிராணவாயுவும் அடக்கும் அணுக்களும்

பகைக் கிருமிகளைக் கண்ட மாத்திரத்தில் பெருவிழுங்கணுக்கள் சூப்பராக்ஸைடு, ஹைட்ரஜன் பெராக்ஸைடு முதலிய உக்கிரமான பிராணவாயுச் சேர்மங்களை உமிழ்ந்து அவற்றைச் சுட்டெரிக்கும் விதத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். நோயெதிர்ப்புப் படை சொந்தச் சரீரத்தையே தாக்கிவிடாதபடி அதனை அடக்கியாளும் நெறிப்படுத்தும் டி அணுக்களை இக்கொடிய திரவியங்கள் என்ன செய்கின்றன என்பதே இவ்வாரத்து விசாரணை.

அப்படியொரு வகை அணு உண்டு என்பதையே நமக்கு அறிவித்தவை சுண்டெலிகள்தாம். பிறந்து மூன்றே நாளான குஞ்சுகளின், டி அணுக்கள் முதிரும் தைமஸ் சுரப்பியை ஜப்பானிய விஞ்ஞானிகளான நிஷிஸுகாவும் சகாகுராவும் அகற்றிப் பார்த்தபோது, பெண் எலிகளின் சினைப்பைகள் சீரழிந்தன என்னும் செய்தி 1969ஆம் ஆண்டு வெளிவந்தது. 1995இல் ஷிமோன் சகாகுச்சி, சிடி25 என்னும் அடையாளம் தாங்கிய டி அணுக்களை நீக்கிவிட்டு, எஞ்சியவற்றைத் தைமஸ் இல்லாத சுண்டெலிகளுக்குச் செலுத்தினார். அவை தம் உறுப்புகளைத் தாமே தாக்கிக்கொள்ளும் நோய்க்கு ஆளாயின. நீக்கியவற்றை உடன் சேர்த்துச் செலுத்தியபோதோ நோய் தடைப்பட்டது. இந்த மார்க்கத்தில் உழைத்தமைக்காக அவருக்கும், அவ்வணுக்களை ஆளும் ஃபாக்ஸ்பி3 மரபணுவைக் கண்டறிந்த மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் இருவருக்கும் 2025இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி பிராணவாயுவுக்கு வருவோம். அச்சேர்மங்களை உண்டாக்கும் நொதியின் ஓர் அங்கத்தை வகுப்பது என்சிஎஃப்1 என்னும் மரபணு. அது பழுதுபட்டால் உக்கிரம் தணியும், தணிந்தால், நோயெதிர்ப்புப் படை மூட்டுகளைத் தாக்குவதால் வரும் வாதமும் தணியும் என்றுதான் எவரும் அனுமானிப்பர். ஆனால் 2003இல் ஸ்வீடனைச் சேர்ந்த ரிக்கார்ட் ஹோல்ம்டாலின் குழுவினர் எலிகளிடம் கண்டது இதற்கு நேர் விரோதமானது: உக்கிரம் குறைந்த பிராணிகளிடமே வாதம் கடுமையாயிற்று. சுண்டெலிகளிலும் அவ்வாறே நிகழ்ந்தது. பெருவிழுங்கணுக்களுக்கு மட்டும் அச்சக்தியைத் திருப்பித் தந்தபோது, டி அணுக்களின் ஆவேசம் அடங்கி, மூட்டுகள் காக்கப்பட்டன என்று 2007இல் அவர்கள் எழுதினார்கள். பெருவிழுங்கணுக்கள் நெறிப்படுத்தும் அணுக்களைத் தோற்றுவிப்பதற்கே இச்சேர்மங்கள் அவசியம் என்று 2010இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டியபோது, இந்த விசித்திரத்துக்கு ஒரு காரணம் புலப்பட்டது. ஆக்ஸிகரணத்தைத் தடுப்பது என்று விளம்பரம் செய்யப்படும் பொருளெல்லாம் தேகத்துக்கு நன்மையே செய்யும் என்று நம்புவோர் இவ்விடத்தில் சற்று நின்று யோசிப்பது நலம் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

ஆயினும் வெளியிலிருந்து அளவாக வரும்போது ஆசானாய் நிற்கும் இவ்வுக்கிரம், அணுவுக்குள்ளே கட்டற்றுப் பெருகினால் கேடாய் முடிகிறது. நெறிப்படுத்தும் அணுக்களில் மட்டும், இவ்வுக்கிரத்தைத் தணிக்கும் குளுட்டாதயோன் உற்பத்தியாகாதபடி செய்த சுண்டெலிகளுக்குப் பல உறுப்புகளிலும் தன்னெதிர்ப்பு நோய் மூண்டது என்று லக்ஸம்பர்க்கில் டிர்க் பிரென்னரின் குழுவினர் 2020இல் கண்டனர். அவ்வணுக்கள் ஸெரின் என்னும் அமினோ அமிலத்தை மிதமிஞ்சி உட்கொண்டு தம் அடக்கும் தொழிலை இழந்திருந்தன, ஸெரினைக் குறைத்தவுடன் அத்தொழில் மீண்டது.

புற்றுக் கட்டிக்குள் நடப்பதோ இன்னும் விபரீதமானது. அங்குள்ள ஆக்ஸிகரண நெருக்கடியைத் தாங்கமாட்டாமல் நெறிப்படுத்தும் அணுக்கள் மடிகின்றன என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2017இல் அறிவித்தார்கள். காவல் தளர்ந்தது, இனிக் கொல்லும் அணுக்கள் கட்டியின்மேல் பாயும் என்று நாம் ஆறுதல் கொள்ளலாகாது. மடியும் அணுக்கள் வெளியிடும் ஏடிபி என்னும் சக்தித் திரவியம், அவற்றின்மேலே உள்ள சிடி39, சிடி73 நொதிகளால் அடினோசினாக மாறி, உயிரோடிருந்தபோது அடக்கியதைவிட அதிகமாகவே அந்தக் கொல்லும் அணுக்களை அடக்கிவிடுகிறது. கொல்லும் அணுக்களைக் கட்டவிழ்க்கத் தரப்படும் பிடி-எல்1 தடுப்பு மருந்தையும் இந்த அடக்குமுறை எதிர்த்து நின்றது.

(தொடரும்)