ஆகாயத்தாமரை: அள்ளினால் மட்டும் போகாது

ஏரியை ஆகாயத்தாமரை மூடிவிட்டால் ஊரார் கேட்பது ஒன்றுதான்: "எப்போ அள்ளப் போறீங்க?" மிதவை இயந்திரம் வரும், லாரி லாரியாக அள்ளும், பேப்பரில் படம் வரும். சில மாதத்தில் மறுபடி பச்சை. கேட்க வேண்டியது வேறு: இந்தச் செடியை அடக்கி வைப்பது எது, நம் ஏரியில் அது ஏன் இல்லை?

குளிர் நாடுகளில் உறைபனி கொன்றுவிடும். நமக்கு அந்த வசதி கிடையாது. ஏற்ற நீர் கிடைத்தால் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகும். கோடையில் ஏரி வற்றினால் செடி காயும், ஆனால் சேற்றில் விழுந்த விதை 15 ஆண்டானாலும் முளைக்கும்.

உப்பு அதற்கு ஆகாது. கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நெல்லைக் காக்க 1970களில் தண்ணீர்முக்கம் தடுப்பணை கட்டி, கோடையில் கடல்நீர் ஏறாமல் மறித்தார்கள். ஷட்டர் மூடியிருக்கையில் உள்பக்கம் செடி மண்டும். திறந்து உப்புநீர் ஏறினால் கருகி அழுகும்.

அடுத்தது பூச்சி. தென்னமெரிக்கக் கூன்வண்டுகளை 1980களில் பெங்களூரு ஏரிகளில் விட்டுப் பலன் கண்டார்கள். ஆனால் வண்டு தின்பதைவிட வேகமாகச் செடி வளர்ந்தால் வண்டு தோற்றுவிடும்.

அந்த வேகத்தைக் கொடுப்பது நம் சாக்கடை. நன்னீர் ஏரியில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் குறைவாக இருப்பதுதான் செடிக்கு உண்மையான கடிவாளம். கழிவறை நீர், சோப்புத்தூள், வயலில் மிஞ்சிய உரம் எல்லாம் சேர்ந்து அதை அவிழ்த்துவிடுகின்றன. அள்ளிய செடியைக் கரையிலேயே குவிப்பது இன்னும் அபத்தம். அழுகி, மழையோடு அதே சத்து ஏரிக்கே திரும்பும்.

அதற்காகச் செடியை அப்படியே விடவும் முடியாது. ஒரு செடியைப் பிடுங்கி அதன் வேரை வாளி நீரில் அலசிப் பாருங்கள், கொசுப்புழு உதிரலாம். மேன்சோனியா கொசுவின் புழு வேரைத் துளைத்தே மூச்சு விடும். யானைக்கால் நோயின் ஒரு வகையைப் பரப்புவது இந்தக் கொசுதான். மூடிய நீரில் ஆக்சிஜன் குறைந்து மீன் சாகும், மதகு அடைபடும். களைக்கொல்லி அடித்தால் மொத்தச் செடியும் ஒரே நேரத்தில் அழுகி, இருக்கும் ஆக்சிஜனையும் தின்றுவிடும்.

ஆகவே நிறுத்த வேண்டியது சாக்கடையை. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி ஏரியில் கழிவை விடுவது சட்டமீறல்; நகராட்சி விட்டாலும் சட்டமீறல்தான். கிராமமானால் கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போட்டு, ஏரி நீரின் பரிசோதனை அறிக்கையையும், அங்கு வந்து சேரும் கழிவுநீர் சுத்திகரிக்கப்படுகிறதா என்பதையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அள்ளும் ஒப்பந்தத்தின் நகலையும் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு வாங்கி, செடியை எங்கே கொட்டச் சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். எதுவும் நகரவில்லையென்றால் சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். பிரச்சினை எழுந்த 6 மாதத்துக்குள் போக வேண்டும். இழப்பீடு கேட்க 5 ஆண்டு அவகாசம் உண்டு. மனுவோடு செடியின் படத்தை மட்டும் வைக்காதீர்கள். சாக்கடைக் குழாய் ஏரியில் விழும் இடத்தைத் தேதியோடு படமெடுத்து, சர்வே எண்ணோடு சேர்த்து வையுங்கள்.