மண்ணைச் சுத்தம் செய்த செடியை ஆட்டுக்குப் போடாதீங்க!

வெள்ளைச் சம்பங்கியின் காம்பை நீலச் சாயம் கலந்த தண்ணீரில் நிறுத்தி வைத்துப் பாருங்க. சில மணி நேரத்தில் இதழில் நீலம் தெரிய ஆரம்பிக்கும். தண்ணீரை மேலே ஏற்ற செடிக்குள் மோட்டார் எதுவும் கிடையாது. இலைத்துளைகள் வழியாக ஈரம் ஆவியாகப் போகப் போக, கீழே இருக்கும் தண்ணீர் அறுபடாத நூல் மாதிரி மேலே இழுபடுகிறது. அது போகும் குழாய்தான் சைலம். இலை தயாரித்த சர்க்கரையைப் பிஞ்சுக்கும் கிழங்குக்கும் வேருக்கும் கொண்டுபோவது புளோயம். பள்ளியில் படித்த பாடம்தான், ஆனால் உங்க வீட்டுக் கீரைக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

வேர் கண்டதையும் உள்ளே விடாது. இருந்தாலும் ஏமாறும். மண்ணில் இருக்கும் ஆர்சனேட், செடிக்குத் தேவையான பாஸ்பேட்டைப் போலவே இருப்பதால் அதே வழியில் நுழைந்துவிடும். துத்தநாகமும் இரும்பும் போகும் வழியில் காட்மியமும் போகும்.

இப்படி நுழைவதை இலையில் குவித்து வைத்தும் வாடாத செடிகள் சில உண்டு. அமெரிக்காவின் புளோரிடாவில், மரப் பாதுகாப்பு மருந்தால் கெட்டுப்போன நிலத்தில் வளர்ந்த ஒரு பெரணி ஆர்சனிக்கை இப்படிச் சேர்ப்பது 2001-ல் வெளியானது. நியூ கலிடோனியா தீவில் ஒரு மரத்தின் பட்டையைக் கீறினால் நீலப்பச்சை நிறத்தில் பால் வடியும். உலர்ந்த பாலில் கால் பங்கு வரை நிக்கல்! நாம் தாளிக்கும் கடுகின் செடியும் காட்மியத்தை நன்றாகவே எடுக்கும்.

அப்போ கடுகு விதைத்தால் மண் சுத்தமாகிவிடுமா? ஓரளவு ஆகும். ஆனால் பல வருடம் பிடிக்கும், வேர் எட்டும் ஆழம் வரைதான் பலிக்கும். அதைவிட முக்கியம், உலோகம் அழிவதில்லை, மண்ணிலிருந்து இலைக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். அந்த இலையை ஆட்டுக்குப் போட்டால் பாலுக்கும் கறிக்கும் வரலாம். உரக்குழியில் போட்டால் மறுபடி மண்ணுக்கே போகும். எரித்தால் புகையிலும் சாம்பலிலும் இருக்கும். அறுத்த செடியை அபாயக் கழிவாகத்தான் பார்க்கணும். வெட்டிவேர் கொஞ்சம் வேறு ரகம், பெரும்பகுதி உலோகத்தை வேரிலேயே நிறுத்திவிடும். அதனால் அப்படிப்பட்ட நிலத்து வெட்டிவேரைப் பானைத் தண்ணீரில் போடக் கூடாது.

பழைய தொழிற்சாலை இடம், பேட்டரி உடைத்த இடம், சாயக்கழிவு ஓடும் வாய்க்கால் ஓரம், இங்கெல்லாம் கீரை போடுகிறவர்கள் இதைக் கவனிங்க. மண் வள அட்டையில் வரும் 12 அளவுகளில் ஈயம், காட்மியம், ஆர்சனிக் கிடையாது. அட்டையில் மண் நன்றாக இருக்கிறது என்று வந்தாலும் இந்தக் கேள்விக்கு அது பதில் இல்லை. கன உலோகப் பரிசோதனை செய்வார்களா என்று ஆய்வகத்தில் தனியாகக் கேட்டு மாதிரியைக் கொடுங்க. முடிவு வரும்வரை வேறு இடத்து மண்ணைப் பையில் நிரப்பி அதில் கீரை வளர்க்கலாம். கழிவு இப்போதும் கொட்டப்படுகிறது என்றால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலோ முதல்வர் உதவி மையத்தின் 1100 எண்ணிலோ புகார் கொடுங்க. இடத்தின் படத்தையும் தேதியையும் கைப்பேசியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்க.