காட்டைக் கண்முன் நிறுத்தும் படங்கள்

பெரியகுளத்து வீடுகளின் குடிநீருக்குச் சோத்துப்பாறை அணையே பெரும் ஆதாரம். அணைக்கு நீரைத் தருபவை பழனிமலைச் சரிவுகளிலுள்ள காடுகள். வராக நதியாக இறங்கி வயல்களை நனைத்த பின் எஞ்சும் நீர் வைகையைச் சேர்கிறது. இவ்வளவும் நம் விவசாயிகள் நன்கு அறிந்ததே. எனினும் அக்காட்டினுள் சென்று கண்டவர் ஊருக்கு எத்தனை பேர் இருப்பர்? பலருக்கு அது வடக்கே தெரியும் ஒரு நீல வரிசை மட்டுமே. கண்டிராத ஒன்றைக் காக்க வேண்டுமென்று ஒருவரிடம் சொன்னால், அவர் மரியாதைக்காகத் தலையசைப்பாரே அன்றி வேறொன்றும் செய்யார். இக்குறையைத் தீர்க்க, உள்ளூர்ப் புகைப்படக்காரர்களைக் கொண்டு ஊராட்சிகள் நடத்தக்கூடிய கண்காட்சியைப் பற்றி இங்கு ஆராய்வோம்.

இது புதிய யோசனையன்று. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் தொழில் நடத்திய கார்லட்டன் வாட்கின்ஸ் என்னும் புகைப்படக்காரர், 1861-ஆம் ஆண்டு தம் மாநிலத்திலுள்ள யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குச் சென்றார். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்றரை அடி உயரமுள்ள கண்ணாடித் தகடுகளைக் கோவேறு கழுதைகளின் மேல் ஏற்றிச் சென்று படம் எடுத்தார். 1862-இல் அப்படங்கள் நியூயார்க்கில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அப்பள்ளத்தாக்கைக் கனவிலும் கண்டிராத மக்கள் அவற்றைப் பார்த்து வியந்தனர். 1864-இல் அந்நிலத்தைப் பொது மக்களின் பயனுக்கென ஒதுக்கும் சட்டத்தில் குடியரசுத் தலைவர் லிங்கன் கையெழுத்திட்டார். எல்லோஸ்டோன் நிலப்பகுதியை 1871-இல் வில்லியம் ஹென்றி ஜாக்சன் எடுத்த படங்களும் அந்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் காட்டப்பட்டன. அடுத்த ஆண்டே அது தேசியப் பூங்காவாயிற்று. படங்கள் மட்டுமே சட்டத்தைப் பிறப்பித்தன என்று சொல்வது மிகை. ஆயினும் அவை இல்லாவிடில் வாதம் வெறும் வாய்ச்சொல்லாகவே நின்றிருக்கும்.

இவ்வரலாற்றில் நாம் பின்பற்றத் தகாத பகுதியும் உண்டு. யோசெமிட்டியில் காலங்காலமாக வாழ்ந்த பழங்குடி மக்களை 1851-இல் ஆயுதப் படையினர் விரட்டினர். பத்தாண்டு கழித்து எடுக்கப்பட்ட அழகிய படங்களிலோ அப்பள்ளத்தாக்கு மனிதர் வாழ்ந்தறியாத நிலம் போலத் தோன்றிற்று. நம் மலைகளில் பளியர் வாழ்கின்றனர். தேனும் கிழங்கும் எடுத்து, காட்டின் பருவங்களை எழுத்தறிவின்றியே கணித்தறிந்தவர்கள். காட்டில் அவர்களுக்குள்ள உரிமையை 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்றுள்ளது. ஆதலின் நம் கண்காட்சியில் அவர்களும் இடம் பெற வேண்டும். அதுவும் அவர்கள் இசைவுடன். ஒரு பளியர் இளைஞர் கையில் காமிராவைக் கொடுத்து, ‘உங்கள் காட்டை நீங்களே காட்டுங்கள்’ என்று கேட்பது எல்லாவற்றினும் மேலானது.

நம் மாநிலத்திலும் முன்னோடிகள் இல்லாமலில்லை. திருநெல்வேலியில் 1912-இல் பிறந்த மா. கிருஷ்ணன் யானையையும் காட்டெருமையையும் அவற்றின் இருப்பிடத்திலேயே கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தார். 1950 முதல் 1996-இல் மறையும் வரை ஒரு நாளிதழில் இயற்கையைப் பற்றி இடைவிடாது எழுதி வந்தார். 1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், விலை உயர்ந்த சாதனங்களை நம்பி இருக்கவில்லை. பல காமிராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கருவியைக் கொண்டே பல படங்களை எடுத்தார். இன்று கல்யாணப் படம் எடுக்கும் நம் ஊர் இளைஞர்களிடம் அதனினும் சிறந்த கருவிகள் உள்ளன. வேண்டுவது பொறுமையே.

காட்டுவதற்குப் பொருளுக்கும் குறைவில்லை. பழனிமலைக் காடுகளில் பெரும் பகுதி 2013-இல் கொடைக்கானல் வன உயிரின சரணாலயமாயிற்று. தெற்கே மேகமலையும் திருவில்லிபுத்தூர்ச் சரணாலயமும் இணைந்து 2021 பிப்ரவரியில் புலிகள் காப்பகமாயின; அதன் பரப்பு 1,016 சதுர கிலோமீட்டருக்கு மேல். சிங்கவால் குரங்கு, வரையாடு, இருவாச்சி, நரை அணில் ஆகியவை வாழும் இடம் அது. வைகை பிறப்பதும் அம்மலைத்தொடரில்தான்.

‘பன்றி வந்து பயிரை உழுதுவிட்டுப் போகிறது, நீங்கள் படம் காட்டுகிறீர்களா?’ என்று விவசாயி கேட்பார். கேட்பது நியாயமே. இக்கேள்விக்கு அஞ்சி அழகிய பறவைகளை மட்டும் மாட்டி வைக்கும் கண்காட்சி ஊரில் ஒரு நாள் கூட மதிப்புப் பெறாது. காட்டுப்பன்றி அழித்த நிலக்கடலைப் பாத்தியும், காட்டெருமை முறித்த மாங்கன்றும் அதே சுவரில் இருக்க வேண்டும். நாள் குறித்த அத்தகைய படம், இழப்பீடு கோரும் மனுவுக்கும் துணையாகும் என்பதை மறத்தலாகாது. கும்பக்கரை போன்ற இடங்களில் வருவோர் விட்டுச் செல்லும் பிளாஸ்டிக் குப்பையையும் காட்டலாம். அது விருந்தினரைக் குறை கூறுவது போலாகுமோ என்று சிலர் தயங்கக்கூடும், தயங்க வேண்டியதில்லை.

நடத்தும் நாளைப் பற்றி ஒரு சொல். வன உயிரின வாரம் ஆண்டுதோறும் அக்டோபர் 2-இல் தொடங்குகிறது. கிராம சபை கூடும் நாளும் அதுவே. தண்ணீர் தினமாகிய மார்ச் 22-இலும் கிராம சபை கூடுகிறது. ஊராட்சிக் கட்டடத் திண்ணையோ பள்ளித் தாழ்வாரமோ போதும். படங்களைச் சிறுவர் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் மாட்டுக. அடியில் அறிவியற் பெயரை விட, ஊரார் அவ்வுயிரை அழைக்கும் பெயரே முதலில் வர வேண்டும். சரணாலயத்தினுள் படம் எடுக்க வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி பெறுதல் அவசியம். கூட்டை நெருங்குதலும், பறவைக் குரலை ஒலிபரப்பி அழைத்தலும், இரை வைத்தலும் கூடா. அரிய உயிரின் இருப்பிடத்தைத் துல்லியமாக எழுதலாகாது. வேட்டைக்காரரும் படிக்கத் தெரிந்தவரே.

காப்பகத்துக்கு நிதி சேர்க்க விரும்பினால், புலிகள் காப்பகங்களுக்கெனச் சட்டப்படி அமைந்த அறக்கட்டளை வழியே ரசீது பெற்றுச் செலுத்தலாம். நிதியைக் காட்டிலும் பயனுள்ள நன்கொடை ஒன்று உண்டு. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஊராட்சிகளில் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருத்தல் வேண்டும். பல ஏடுகளில் பெயர்கள் உள்ளன, உருவம் இல்லை. கண்காட்சி முடிந்ததும் படங்களை அப்பதிவேட்டில் சேர்த்துவிடுக. ஆற்றுப் படுகையையும் மலைச்சரிவையும் மட்டும் ஆண்டுதோறும் அதே மாதத்தில், அதே பாறையின் மேல் நின்று மீண்டும் எடுத்து வருக. உன்னிச்செடி எவ்வளவு பரவியது, சோலை எவ்வளவு சுருங்கியது என்பது ஐந்தாறு ஆண்டுகளில் கிராம சபைக்கே விளங்கும். ஒவ்வொரு படத்தின் பின்புறமும் நாள், இடம், எடுத்தவர் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுக. மை மழைக்கால ஈரத்தில் ஊறி மறுபக்கம் தெரிந்துவிடும்.