உங்களுக்குத் தெரியுமா? தூதரான வணிகர்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சீனாவுக்கு ஜப்பான் அனுப்பிய தூதர்களில் தனியார் துறையிலிருந்து போன முதல் ஆள் உய்ச்சிரோ நிவா (2010). வரப்போகும் ஆபத்தை வாய்விட்டுச் சொன்னதற்காக அரசின் கண்டிப்புக்கு ஆளானவரும் அவர்தான். இரு நாடுகளும் உரிமை கோரும் சென்காக்கு தீவுகளை ஜப்பான் தரப்பு விலைக்கு வாங்கினால் இரு நாட்டு உறவு கடும் நெருக்கடியில் சிக்கும் என்று 2012 ஜூனில் பத்திரிகைப் பேட்டியில் சொன்னார். செப்டம்பர் 11 அன்று ஜப்பான் அரசே அவற்றில் 3 தீவுகளை வாங்கியது. சீன நகரங்களில் ஆர்ப்பாட்டம் வெடித்தது. அந்த மாதம் அங்கே டொயோட்டாவின் விற்பனை ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது.

சீனாவோடு பெருவணிகம் செய்யும் இத்தோச்சு நிறுவனத்தின் தலைவராக இருந்தவர், கடைக்காரர் புத்தியில் பேசினார் என்றார்கள். இருக்கட்டுமே, எதை இழப்போம் என்று கணக்குப் பார்ப்பது தூதருக்கு ஆகாத குணமா என்ன? இத்தோச்சுவில் சுமார் 39,500 கோடி யென் நட்டத்தை மறைக்காமல் ஒரே வீச்சில் கணக்கில் காட்டியவர் அவர். தூதர் அரசின் குரலாகத்தானே ஒலிக்க வேண்டும் என்ற ஆட்சேபம் அந்தக் கடைக்காரர் குற்றச்சாட்டைவிட வலுவானது. ஆனால் அவர் பேசியபோது தீவுகளை வாங்குவது டோக்கியோ ஆளுநர் இஷிஹாராவின் திட்டம் மட்டுமே. மத்திய அரசு தன் முடிவை அறிவித்தது ஜூலையில்தான்.

ஆகஸ்டில் பெய்ஜிங்கில் அவரது காரை யாரோ மறித்து, அதிலிருந்த ஜப்பான் தேசியக் கொடியைப் பிடுங்கிச் சென்றார்கள். அவருக்குப் பதிலாக நியமிக்கப்பட்டவர் சில நாட்களிலேயே இறந்துபோக, நிவாவே இன்னும் சில வாரம் அந்தப் பொறுப்பைச் சுமந்தார்.