குடும்ப மருத்துவர் உருவாவது எப்படி?

எங்கள் உவரி நோயுற்றோர் நாடி வரும் ஊர். முற்காலத்தில் போர்ச்சுகீசியக் கப்பல் ஒன்றில் காலரா பரவியதாம். அதிலிருந்த தச்சர் ஒருவர் புனித அந்தோணியாரின் சுரூபத்தைச் செதுக்கி வேண்டிக்கொள்ள, அனைவரும் நலம் பெற்றனர் என்று ஊர்ப் பெரியோர் சொல்வர். இன்றும் நோயாளிகள் பலர் திருத்தலத்திற்கு வருகின்றனர். செபமும் வேண்டும், மருத்துவமும் வேண்டும். நற்செய்தியாளர் புனித லூக்காவும் ஒரு மருத்துவர் அல்லவா?

"என்ன படிக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டால் எங்கள் வகுப்பில் பலர் "டாக்டருக்கு" என்கிறோம். "இதயமா, கண்ணா, எலும்பா?" என்பது அடுத்த கேள்வி. "குடும்ப டாக்டர்" என்றால், "வெறும் எம்.பி.பி.எஸ். போதுமா?" என்று பெரியவர்கள் முகம் வாடுகிறது. இது சரிதானா என்று ஆராய்வோம்.

எம்.பி.பி.எஸ். முடித்தபின், குடும்ப மருத்துவத்தைத் தனித் துறையாக மேலும் மூன்று ஆண்டுகள் படிக்கலாம். இதனை 'ரெசிடென்சி' என்பர். 'ரெசிடென்ட்' என்றால் உறைபவர் என்று பொருள். முற்காலத்தில் பயிற்சி மருத்துவர்கள் மருத்துவமனையிலேயே தங்கிக் கற்றதால் இப்பெயர் வந்தது. பொது மருத்துவம், குழந்தை நலம், மகப்பேறு, அறுவை சிகிச்சை, அவசர சிகிச்சை எனப் பல பிரிவுகளில் மூத்த மருத்துவர்களின் மேற்பார்வையில் இவர்கள் பணியாற்றுகின்றனர். நூலைப் படித்து மட்டும் இது வராது. நீச்சலைக் கரையில் நின்று கற்க முடியுமா?

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு பாட்டிக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம், முழங்கால் வலி மூன்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்றுக்கும் மூன்று டாக்டர்கள், மூன்று சீட்டுகள். குடும்ப மருத்துவரோ பாட்டியின் மாத்திரைப் பை முழுவதையும் மேசைமேல் கொட்டிப் பார்ப்பார். வலி மாத்திரையை நெடுநாள் விழுங்கினால் சிறுநீரகம் கெடலாம். இரத்த அழுத்தமும் ஏறலாம். "தினமும் கருவாடா? உப்பு எவ்வளவு? மகன் கடலுக்குப் போனால் மாத்திரை எடுத்துக் கொடுப்பது யார்?" என்றும் கேட்பார். இப்படிக் கேட்பதும், எது தம்மால் முடியும், யாரை எப்போது பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று அறிவதும் இப்பயிற்சியின் முக்கியப் பாடங்கள்.

திருக்குறளில் 'மருந்து' அதிகாரம், நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்கிறது. குடும்ப மருத்துவத்தின் அடிப்படையும் இதுவே.

நம் மாநிலத்தில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. ஒரே இரவில் மூன்று தாய்மார்கள் பெண் மருத்துவர் இல்லாமையால் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு மனம் உருகிய ஐடா ஸ்கடர் அம்மையார், மருத்துவம் படித்து வந்து 1900-இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலுடன் பணி தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி திறந்தார். 1922-இல் முதல் அணியில் 14 பெண்கள் தேறினர். நோயாளி வரட்டும் என்று காத்திராமல், கிராமச் சாலையோரங்களுக்கே சென்று வைத்தியம் செய்தார். இன்று அக்கல்லூரியில் குடும்ப மருத்துவத்திற்கெனத் தனித் துறையே உள்ளது. நகரத்து ஏழைகளுக்குக் குறைந்த செலவில் சிகிச்சை அளிக்கும் பிரிவில் இளம் மருத்துவர்கள் பயிற்சி பெறுகின்றனர்.

அமெரிக்காவில் 1969-லேயே இது சிறப்புத் துறையாக ஏற்கப்பட்டது. நம் நாட்டின் 2002-ஆம் ஆண்டு தேசிய நலக் கொள்கையும் குடும்ப மருத்துவர்கள் மிகுதியாகத் தேவை என வலியுறுத்தியது. ஆகவே குடும்ப மருத்துவம் படித்தவர் 'வெறும் டாக்டர்' அல்லர். ஓர் உறுப்பை அன்றி, முழு மனிதரையும் அவர் குடும்பத்தையும் அறியப் பயின்றவர்.

எங்கள் ஊரில் நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும், கடலில் அடிபட்டு ஒருவர் கரை சேர்ந்தாலும், முதலில் வேண்டுவது இத்தகைய மருத்துவரே. அன்புப் பெற்றோரே! நாளை உங்கள் மகள் "குடும்ப மருத்துவம் படிக்கிறேன்" என்றால் முகம் வாடாதீர்கள். தோழியரே! நம்மில் ஒருத்தியாவது அப்படிப் படித்து, நம் கடற்கரைக்கே திரும்பி வருவோமாக!