உடம்பு எப்படி இருக்கிறது?

மேடை ஏறினால் நாம் "வணக்கம்" என்கிறோம். தாராவித் தெருவிலோ "என்ன அண்ணாச்சி, சாப்பிட்டாச்சா?" என்பதே முகமன். அந்த அண்ணாச்சியே மறுகணம் மராத்திய வாடிக்கையாளரிடம் "க்யா பாவு, கைசா ஹை?" என்பார். இவ்வூர் இந்தியைக் கேட்ட என் ஆய்வுக்கூட நண்பர் ஒருவர், "இதெல்லாம் ஒரு மொழியா? உடைந்த மொழி!" என்று நகைத்தார். தாராவியில் வளர்ந்தவனாகிய எனக்கு அது சற்றுச் சுட்டது.

வாணிகத்தாலோ அடிமை வேலையாலோ பல மொழியினர் ஓரிடத்தில் சேர்ந்தால் ஒரு கலப்புப் பேச்சு பிறக்கிறது. அதைக் கேட்டு வளரும் குழந்தைகளுக்கு அதுவே தாய்மொழியாகிவிடின் 'கிரியோல்' என்பர் மொழிநூலார் பலர். சொற்கள் பெரும்பாலும் ஆண்டவனுடையவை. நலம் விசாரிக்கும் முறையோ பேசுவோருக்கே உரியது.

சியரா லியோனில், விடுதலை பெற்ற அடிமைகள் 1792இல் குடியேறிய பிரீடவுனில் வளர்ந்தது கிரியோ மொழி. அங்கே "அவ் தி பாடி?" என்று கேட்பார்கள், "தி பாடி பைன்" என்பது விடை. உடம்பு எப்படி என்று பொருள். சொற்கள் ஆங்கிலமே. ஆயினும் எந்த ஆங்கிலேயன் இப்படிக் கேட்பான்? நெல்லையிலிருந்து தொலைபேசியில் அழைக்கும் என் ஆச்சியல்லவா கேட்பாள்! சூரினாமில் "பா வாகா?" என்பர்: நடை எப்படி? மொரீஷியஸில் "கி மான்யேர்?" இதைத் தமிழ்க் குடும்பத்துப் பேரப்பிள்ளைகளும் அங்கே வீட்டில் பேசுகின்றனர்.

என்னை மிகவும் கவர்ந்தது ஹெயிட்டி நாட்டு வழக்கம். சிற்றூர்களில் விருந்தினர் வாசலில் நின்று "ஒனே" என்று குரல் கொடுப்பார். மதிப்பு என்று பொருள். வீட்டார் "ரெஸ்பே" என்பர், மரியாதை. கரும்புத் தோட்டங்களில் சவுக்கடிபட்டு, போராடி 1804இல் விடுதலையடைந்த அடிமைகளின் வழிவந்தோர், பிரெஞ்சு எசமானரின் மொழியிலிருந்து தம் வாசலுக்கென எடுத்துக்கொண்ட சொற்கள் இவை! இதையா உடைந்த மொழி என்பது?

இவ்வளவு தொலைவு போகவும் வேண்டியதில்லை. மும்பைக்குத் தெற்கே, ரேவ்தண்டாவுக்கு எதிர்க்கரையில் கோர்லாய் என்னும் சிற்றூர் இருக்கிறது. போர்த்துக்கீசியர் 1740இல் சௌல் பகுதியை விட்டகன்றனர். அவர்கள் விட்டுச்சென்ற சொற்களை மராத்தி வாக்கிய அமைப்பில் கோத்த கிரியோல் ஒன்றைச் சில நூறு கிறித்தவ மக்கள் இன்றும் பேசி வருகின்றனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'நோ லிங்': எங்கள் மொழி.

ஒரு ஞாயிறன்று நண்பரை அங்கே அழைத்துப் போவதாக இருக்கிறேன். படகுச் செலவு என்னுடையது.