உங்களுக்குத் தெரியுமா? வீட்டுப் பைக்கும் பந்தயத் தடமும்

● இலங்கையில் ஒரு மோட்டார் சைக்கிள் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் சட்டப்படி ஓடக்கூடிய பொது வீதி ஒன்றுகூட இல்லை. ஊர்மனைக்குள் 50, வெளியே 70. அதிவேகப் பாதைகளிலோ மோட்டார் சைக்கிளை ஏற்றவே விடமாட்டார்கள். ஆனால் நம் வாசலில் நிற்கும் 150 சிசி பைக் 100ஐத் தாண்டும். வண்டிக்குள் இருக்கும் அந்த மிச்ச வேகத்தை எங்கே செலவழிப்பது என்று தெரியாத பிள்ளைகள் புதிய கல்லடிப் பாலத்திலும் படுவான்கரையின் நேர் வீதிகளிலும் ஆக்சிலேட்டரை முறுக்குகிறார்கள். அதைச் செலவழிக்கச் சரியான இடம் ஒன்று உண்டு. அதன் பெயர் டிராக் டே.

● டிராக் டே என்பது பந்தயம் அல்ல. பந்தயத் தடம் ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, கட்டணம் கட்டியவர்களை அவரவர் சொந்தப் பைக்கிலேயே ஓட விடுவார்கள். கோப்பை கிடையாது, முதலாவது இரண்டாவது கிடையாது. புதியவர், ஓரளவு பழகியவர், கைதேர்ந்தவர் என்று குழு பிரித்து, ஒவ்வொரு குழுவையும் 15, 20 நிமிடம் மாறி மாறி விடுவது வழக்கம். எல்லாரும் ஒரே திசையில்தான் போவார்கள். எதிரே பஸ் வராது, மாடு குறுக்கே நிற்காது, பாதி வீதியில் நெல் காயாது.

● மட்டக்களப்பில் அப்படி ஒரு தடம் இல்லை. நமக்குத் தெரிந்த தார்த் தடங்கள் எல்லாம் மேற்குக் கரையில் இருக்கின்றன: களுத்துறைக்குப் பக்கத்தில் கட்டுக்குருந்த, பண்டாரகமவில் கார்ட்டிங் தடம். தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில், அநுராதபுரம் சாலியபுர போன்றவை மண் தடங்கள். வீட்டுப் பைக்குக்கும் அவற்றுக்கும் ஒத்துவராது.

● கட்டுக்குருந்த தடம் உண்மையில் ஒரு விமான ஓடுபாதை. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படையின் விமானங்கள் இறங்கிய இடம் அது. போர் முடிந்தபின் அங்கே கார்களும் மோட்டார் சைக்கிள்களும் பந்தயம் ஓடின. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் நடந்ததும் இதே கதைதான். இங்கிலாந்தின் புகழ்பெற்ற சில்வர்ஸ்டோனும் போர்க்கால விமானத் தளம்தான். நேரான, அகலமான, சுற்றிலும் வெளி உள்ள தார்ப்பரப்பு வேறு எங்கே சும்மா கிடைக்கும்?

● நுவரெலியாவின் மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. இந்தத் தீவுக்கு மோட்டார் விளையாட்டு நேற்று வந்த பழக்கம் அல்ல.

● மட்டக்களப்புப் பைக்கின் பின்டயரை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பாருங்கள். நடுவில் தட்டையாக இருக்கும். இரு ஓரமும் கடையில் வாங்கிய அன்று இருந்ததுபோலவே வரிகளோடு இருக்கும். நம் மாவட்டத்தில் மேடு பள்ளம் குறைவு, வளைவும் குறைவு. வாவியோரமாகக் களுவாஞ்சிக்குடிவரை போனாலும் வண்டி பெரிதாகச் சாய்வதே இல்லை. அதனால் டயரின் வட்டமான முகம் தேய்ந்து சதுரமாகிவிடுகிறது. அப்படிப்பட்ட டயரோடு தடத்தில் சாய்த்தால், தட்டை முடிந்து ஓரம் தொடங்கும் விளிம்பில் வண்டி திடீரென்று விழுவதுபோல் இறங்கும். ஓட்டுபவர் பயந்து ஆக்சிலேட்டரை விடுவார், அல்லது பிரேக்கைப் பிடிப்பார். வளைவில் இரண்டுமே ஆபத்து. வேறு எதற்குப் பணம் இல்லாவிட்டாலும் டயருக்குச் செலவழியுங்கள்.

● புதிய டயர் என்று கடைக்காரர் தருவதெல்லாம் புதியதாக இருக்க வேண்டியதில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று குத்தியிருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ரப்பர் கடையில் கிடந்தாலும் இறுகும்.

● 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 தொடக்கத்தில்தான். அந்த ஐந்து ஆண்டும் பழைய பைக்குகளையே தட்டிக்கொட்டி ஓட்டினோம். ஆகவே தடத்துக்குக் கொண்டுபோகும் முன் உங்கள் வண்டியைப் புதுக் கண்ணோடு பாருங்கள்.

● முதலில் பார்க்க வேண்டியது முன் ஃபோர்க். கல்லடி, நாவலடி, காத்தான்குடிப் பக்கம் ஒரு கரையில் கடல், மறு கரையில் வாவி. உப்புக் காற்று ஃபோர்க் குழாயின் பளபளப்பான குரோமில் ஊசிமுனை அளவு துருப்புள்ளிகளை உண்டாக்கும். ஃபோர்க் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் அந்தப் புள்ளி ஒயில் சீலை அறுக்கும். சீல் கசிந்தால் ஒயில் வழிந்து முன் பிரேக் டிஸ்கில் படும். தடத்தில் வண்டியைச் சோதிப்பவர் முதலில் ஃபோர்க்கை அழுத்திப் பார்த்து, குழாயில் விரலை ஓட்டுவார். விரலில் ஒயில் ஒட்டினால் அன்று நீங்கள் பார்வையாளர்தான்.

● பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 வகையில் புதிய ஒயில் குறைந்தது 230 பாகை செல்சியஸ்வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடும். ஊருக்குள் ஓடும்போது இந்த வித்தியாசம் தெரியாது. தடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் பலமாகப் பிரேக் பிடிக்கப் பிடிக்கக் கெலிப்பர் சூடேறி, ஒயில் கொதித்து, ஆவிக் குமிழி உண்டாகும். அப்போது லீவர் கைப்பிடிவரை மெத்தென்று வந்துவிடும், வண்டி நிற்காது. வாவிக் காற்றில் வருடக்கணக்காக மாற்றாத ஒயிலோடு போவது கூடவே கூடாது. ஒரு சிறிய போத்தல் ஒயிலும் கராஜில் கொஞ்ச நேரமும் போதும்.

● தடத்தில் கண்ணாடி ஆகாது. பக்கக் கண்ணாடிகளைக் கழற்ற வேண்டும். ஹெட்லைட், சிக்னல், பின்விளக்கு எல்லாவற்றிலும் டேப் ஒட்ட வேண்டும், விழுந்தால் சில்லு சிதறாமலிருக்க. நம்பர் பிளேட்டையும் டபுள் ஸ்டாண்டையும் கழற்றுவார்கள். வண்டி சாயும்போது டபுள் ஸ்டாண்ட் தரையில் குத்தி டயரைத் தூக்கிவிடும். சைட் ஸ்டாண்டைக் கம்பியால் கட்டுவார்கள். பின்னால் வருபவரைப் பார்க்கக் கண்ணாடி இல்லையே என்று பதற வேண்டாம். முந்துபவர்தான் பொறுப்பு. முன்னால் போகிறவர் தன் கோட்டிலேயே சீராகப் போனால் போதும்.

● ரேடியேட்டர் உள்ள பைக் என்றால் கூலன்டை வடித்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றச் சொல்லும் தடங்கள் பல. கூலன்டில் உள்ள கிளைக்கோல் தாரில் சிந்தினால் லேசில் காயாது, பின்னால் வரும் பத்துப் பேரை வழுக்கிவிடும். காற்றில் குளிரும் சின்னப் பைக்குகளுக்கு இந்த வேலை இல்லை.

● உடுப்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே முடியாது. முழுமுகத் தலைக்கவசம், தோல் உடுப்பு, மணிக்கட்டை மூடும் தோல் கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ், முதுகுக் காப்பு. நம் வெயிலில் தோல் உடுப்பு போடுவது பெரும் பாடுதான். அதனால்தான் குழுவின் ஒவ்வொரு ஓட்டமும் முடிந்ததும் கழற்றி நிழலில் இருந்து, தாகம் எடுக்கிறதோ இல்லையோ தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள். களைத்த மூளை பிரேக்கைப் பிந்திப் பிடிக்கும். மாலையில் கடைசி ஓட்டத்தை விட்டுவிட்டு வண்டியைக் கட்டிக்கொண்டு வருகிறவரை நான் மெச்சுவேன்.

● கொடிகளைப் படித்துக்கொண்டு போங்கள். மஞ்சள்: முன்னால் ஆபத்து, முந்தாதே. மஞ்சளில் சிவப்புக் கோடு: பாதை வழுக்குகிறது. நீலம்: வேகமானவர் பின்னால் வருகிறார். சிவப்பு: எல்லாரும் வேகம் குறைத்து உள்ளே திரும்புங்கள். கறுப்பு உங்களைக் காட்டிப் பிடித்தால், உங்களை மட்டும் உள்ளே கூப்பிடுகிறார்கள். கட்டம் போட்ட கொடி: உங்கள் குழுவின் ஓட்டம் முடிந்தது.

● வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்தபின் நிற்கும்வரை ஓடும் தூரம் நான்கு மடங்காகும். ஒரு நொடி தாமதித்து, காய்ந்த தாரில் நன்றாகப் பிரேக் பிடிப்பவர் 70இல் நிற்க ஏறக்குறைய 47 மீற்றர் வேண்டும். 100இல் அதுவே 84 மீற்றர். இந்தக் கணக்கைப் புத்தகத்தில் படித்தவருக்கும், தடத்தில் அடையாளப் பலகையைத் தாண்டி வண்டி போய்க்கொண்டே இருப்பதைக் கண்டவருக்கும் நிறைய வித்தியாசம். கண்டவர் வவுணதீவு வீதியில் இரவில் 100இல் போகமாட்டார். அங்கே ஹெட்லைட் வெளிச்சத்துக்குள் கறுப்பு எருமை ஒன்று தெரியும் தூரம் 84 மீற்றர் வராது.

● நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது முன் பிரேக். ‘முன் பிரேக்கைத் தொடாத, கவிழ்த்துவிடும்’ என்று சொல்லியே நம் பிள்ளைகளுக்கு வண்டி பழக்கியிருக்கிறோம். மணல் படிந்த திருப்பத்தில் அந்த எச்சரிக்கை சரி. நேரான தாரில், முதலில் மெல்லத் தொட்டு, எடை முன்டயருக்கு வந்தபின் அழுத்தினால் அதுதான் உயிரைக் காக்கும். இதை வீதியில் பழக இடமில்லை. தடத்தில் ஒரு நாளில் நூறு தடவை செய்யலாம்.

● வலப்பக்கம் திரும்ப வலது கைப்பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும். நம்ப முடியவில்லையா? ஓடும் வண்டியில் அப்படித் தள்ளினால் முன்சில்லு ஒரு கணம் இடப்பக்கம் திரும்பும், வண்டி வலப்பக்கம் சாயும், பிறகு சாய்ந்த பக்கமே வளையும். தினமும் எல்லாரும் தெரியாமலே செய்வது இது. விமானம் கண்டுபிடிப்பதற்கு முன் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்களில் மூத்தவரான வில்பர் இதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார். தெரிந்து செய்யும்போது, திடீரென்று ஒன்று குறுக்கே வந்தால் ஒரே தள்ளில் விலகலாம்.

● வண்டி கண் போகும் இடத்துக்குப் போகும். பள்ளத்தையே பார்த்தால் பள்ளத்தில்தான் விழுவோம். வளைவுக்குள் நுழையும்போதே வெளியேறும் இடத்தைப் பார் என்பதுதான் எந்தத் தடத்திலும் பயிற்றுநரின் முதல் பாடம்.

● தமிழ் நிலத்தில் இதையெல்லாம் முறையாகக் கற்கும் இடங்களில் ஒன்று சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் தடம், 1990இல் திறந்தது, ஒரு சுற்று 3.7 கிலோமீற்றர். கீத் கோட் என்ற அமெரிக்கர் 1980இல் தொடங்கிய கலிபோர்னியா சூப்பர்பைக் பள்ளி இங்கே வந்து வகுப்பு நடத்தியிருக்கிறது. அவர்களுடைய முதல் நிலைப் பயிற்சிகளில் ஒன்று, ஒரே கியரில், பிரேக்கைத் தொடாமல் தடத்தைச் சுற்றுவது. பிரேக் கிடையாது என்றதும், வளைவுக்குள் எந்த வேகத்தில் நுழைவது என்று கண்ணும் கையும் தாமாகவே கணக்குப் போடத் தொடங்கும்.

● பெரிய பைக் தேவையா? இருங்காட்டுக்கோட்டையில் டீவிஎஸ் அப்பாச்சியும் யமஹா ஆர்15உம்தான் எத்தனையோ பேருக்கு முதல் பாடசாலை. சின்ன எஞ்சினில் தவறை வேகத்தால் மறைக்க முடியாது. வளைவில் இழந்த வேகத்தை நேர்ப்பாதையில் மீட்க பலம் இல்லாததால், வளைவை ஒழுங்காகப் பிடிக்கப் பழகியே ஆகவேண்டும். வாசலில் நிற்கும் பல்சரோ எஃப்சட்டோ தாராளமாகப் போதும்.

● ஜேர்மனியின் நூர்பேர்க்ரிங் வடக்குத் தடம் 20.8 கிலோமீற்றர். பந்தயம் இல்லாத நாட்களில் அது கட்டணம் வாங்கும் ஒருவழி வீதி. பல ஆண்டுகள் சாதாரணப் பைக்காரர்களும் பணம் கட்டி அதில் ஓடியிருக்கிறார்கள்.

● 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் பந்தயத்தில் ஒரு கார் தடத்தை விட்டுப் பார்வையாளர்கள் நின்ற பக்கம் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள், அதில் எட்டு வயதுச் சிறுமியும் ஒருத்தி. அது கார்ப் பந்தயம், இங்கே பேசுவது வேறு. ஆனாலும் கட்டணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகளை அந்த நாள் நமக்கு விட்டுச் சென்றிருக்கிறது: தடத்துக்கு வெளியே வண்டி உருண்டு நிற்க எவ்வளவு வெளி இருக்கிறது? ஒவ்வொரு வளைவிலும் கொடியோடு மார்ஷல் நிற்பாரா? அம்பியூலன்ஸ் அங்கேயே நிற்குமா, தொலைபேசியில் கூப்பிட்டால் வருமா? கூடவரும் தம்பி தங்கையை எங்கே நிறுத்துவார்கள்? பதில் சொல்லத் தடுமாறினால் காசைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

● வீதிக்கான காப்புறுதி பொதுவாகத் தடத்தில் செல்லாது. ஒப்பந்தத்தின் பின்பக்கச் சின்ன எழுத்தில் பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றை விலக்கியிருப்பார்கள். படித்துப் பாருங்கள்.

● மட்டக்களப்பிலிருந்து களுத்துறைப் பக்கம் போக 300 கிலோமீற்றருக்கு மேல். போகும்போது ஓட்டிப் போய்விடலாம். விழுந்து கிளட்ச் லீவர் முறிந்தால் திரும்பி எப்படி வருவது? மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு லொறியில் வண்டிகளை ஏற்றிப் போவதே புத்தி. வாடகையையும் பங்கிடலாம், திரும்பும் வழியில் தூங்கவும் செய்யலாம்.

● ஊர் வந்ததும், வண்டியை வீதியில் எடுக்கும் முன் செய்யும் வேலைகள்: கண்ணாடிகளையும் நம்பர் பிளேட்டையும் பூட்டுங்கள், விளக்குகளின் டேப்பை உரியுங்கள், சைட் ஸ்டாண்ட் கட்டிய கம்பியை அவிழுங்கள், ரேடியேட்டரில் மறுபடி கூலன்ட் ஊற்றுங்கள். தடத்தில் டயர் சூடேறிக் காற்றழுத்தம் கூடும் என்று காற்றைக் குறைத்திருந்தால், டயர் ஆறியபின் வண்டியோடு வந்த புத்தகத்தில் உள்ள அளவுக்கு நிரப்புங்கள். செயினைத் துடைத்து ஒயில் விடுங்கள். பிரேக் கட்டையின் தடிப்பையும் பாருங்கள்: ஒரு நாள் தடத்தில் அது பல மாத ஊரோட்டம் அளவுக்குத் தேய்ந்திருக்கலாம்.